தலையணையில் விழாத முடி

என் அலமாரியில் ஒரு பிளாஸ்டிக் கிளிப் இருக்கிறது. பட்டாம்பூச்சி மாதிரி செய்தது, காப்பிக்கொட்டை நிறம், ஒரு பக்கத்தில் பல் ஒன்று உடைந்திருக்கும். ரயில் நிலைய வாசல்களில் அட்டையில் குத்தி வைத்து விற்பார்களே, அந்த ரகம். நான் அதைத் தலையில் வைத்துக்கொண்டதில்லை, தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. அதன் பற்களுக்கு நடுவே இரண்டு மூன்று குட்டை முடிகள் சிக்கியிருக்கின்றன. சுருட்டை முடிகள். அலமாரியைத் துடைக்கிற நாட்களில் அவை விழுந்துவிடாதபடி கிளிப்பை மெதுவாக எடுத்து மெதுவாக வைப்பேன். கம்பெனியில் எங்கள் லைன் லீடராக இருந்த அக்காவின் முடி அது. மார்பில் புற்றுநோய் வந்து செத்துப்போனவள். அந்த முடி முளைத்தபோது, நோய் போய்விட்டதற்கு அதுதான் அத்தாட்சி என்று எங்கள் எல்லோருக்கும் தலையைக் குனிந்து காட்டினாள். நாங்களும் தொட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்டோம்.

நான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. ப்ளஸ் டூ முடித்த கையோடு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். இரண்டாயிரத்துப் பத்து, பதினொன்று வாக்கில் எங்கள் பக்கத்துப் பெண்களை பஸ் பஸ்ஸாக ஏற்றிக்கொண்டு வந்தார்கள். கார்களுக்குள் பொருத்துகிற சின்னச் சின்ன எலக்ட்ரானிக் போர்டு செய்கிற கம்பெனி அது. அக்கா பிள்ளைப்பாக்கத்திலேயே பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். நிலம் விற்றதுபோக மிஞ்சிய இடத்தில் சிமென்ட் ஷீட் போட்டு வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார்கள். அதில் கடைசி அறையில் நாங்கள் மூன்று பெண்கள். ஆக வேலையிலும் அவள்தான் எங்களுக்கு மேல், குடியிருந்த இடத்திலும் அவள்தான். ஒரே ஆளிடம் இரண்டு இடத்திலும் திட்டு வாங்குகிற பாக்கியம் எல்லோருக்கும் வாய்க்காது. தண்ணீர் மோட்டாரை நிறுத்த மறந்தாலும் திட்டு, போர்டை வெறுங்கையால் தொட்டாலும் திட்டு. திட்டி முடித்ததும் அதே குரலில், "சாப்ட்டியாடி?" என்பாள். ஊரை விட்டு வந்த புதிதில் அப்படிக் கேட்க அந்த வட்டாரத்தில் எனக்கு வேறு ஆள் கிடையாது.

முடி விஷயத்தில் மட்டும் ரொம்பக் கறார். போர்டுக்குள் ஒரு முடி போய் ஒட்டிக்கொண்டால் அந்தப் போர்டு வீண். அதனால் ஷிஃப்ட் தொடங்கும்முன் ஒவ்வொருத்தியின் தொப்பிக்குள்ளும் விரலை விட்டு, காதோரம் தொங்குவதை உள்ளே தள்ளுவாள். "இன்னாடி, கல்யாணத்துக்கா வந்துகீற? உள்ள தள்ளு" என்பாள். அவளுக்கே இடுப்புக்குக் கீழே இறங்கும் முடி. அதைச் சுருட்டித் தொப்பிக்குள் அடைத்தால் தொப்பி பூசணிக்காய் மாதிரி புடைத்துக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்து நாங்கள் சிரித்தால் அதற்கும் திட்டுவாள்.

அவள் வேதமாக நம்பியது ஒன்று உண்டு. புதிதாக லீடர் ஆனவர்களுக்குக் கம்பெனியில் ஒரு பயிற்சி கொடுப்பார்கள். லைனில் திடீரென்று ரிஜெக்ட் ஆகிக் கழிகிற போர்டுகள் கூடினால் பதறிப்போய் போர்டைச் சுடுகிற அடுப்பின் சூட்டையும் மாற்றி, பெல்ட்டின் வேகத்தையும் மாற்றி, ஈயப் பசையையும் மாற்றக் கூடாது. ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மற்றதையெல்லாம் இருந்தபடியே விட்டுவிட்டு என்ன ஆகிறதென்று பார்க்க வேண்டும். அப்போதுதான் கோளாறு எதனால் வந்தது, எதனால் போனது என்று தெரியும். இதற்கு ட்ரையல் என்று பெயர். ட்ரையல் ஓடுவதை லைனில் இருக்கிற பெண்களிடம் சொல்ல மாட்டார்கள். சொன்னால் எல்லோரும் வழக்கத்தைவிடக் கவனமாக வேலை செய்வார்கள், உண்மை நிலவரம் தெரியாமல் போய்விடும். அக்கா இந்தப் பாடத்தை வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தாள். குழம்பின் ருசி மாறியிருந்தால், "பருப்ப மாத்துனியா, தூள மாத்துனியா? ரெண்டையும் ஒன்னா மாத்துனா எதுனாலன்னு எவனுக்குத் தெரியும்?" என்று கேட்பாள். அவள் வீட்டுக்காரர் கம்பெனி வேன் ஓட்டுகிறவர், அதிகம் பேசாத மனிதர், நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுவோம். "வூட்டயும் லைன் ஆக்கிட்டாம்மா இவ" என்று எங்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

குளிக்கும்போது கையில் தட்டுப்பட்ட கட்டியை அவள் வெகுநாள் யாரிடமும் சொல்லவில்லை. வலி இல்லாததால் அது நோய் இல்லை என்று இருந்துவிட்டாள். வலிக்கிற பல்லுக்கும் வலிக்கிற முதுகுக்குமே லீவு கிடைக்காத இடத்தில் வலிக்காத கட்டிக்கு யார் லீவு போடுவார்கள்? ஒரு நாள் சட்டையில் ஈரம் கசிந்ததைப் பார்த்த பிறகுதான் வீட்டுக்காரரிடம் சொன்னாள். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்துவிட்டு, மார்பகப் புற்றுநோய் என்றார்கள். கட்டி பெரிதாக இருக்கிறது, முதலில் ஊசி மருந்து ஏற்றிச் சுருக்குவோம், அப்புறம் அறுவை சிகிச்சை செய்து மார்பை எடுத்துவிடலாம் என்று டாக்டர் அம்மா விளக்கமாகவே சொன்னார். ஊசியை அக்கா ஒப்புக்கொண்டாள். ஆபரேஷன் என்ற சொல்லுக்கு மட்டும் முகம் சுண்டிப்போயிற்று. "அத்த எடுத்துட்டா யூனிஃபார்ம் எப்டிடி நிக்கும்?" என்று என்னிடம் கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்குச் சிரிக்க வரவில்லை.

இரண்டாவது ஊசிக்குள் முடி கொட்டிவிட்டது. நான் போய்ப் பார்த்த காலையில் தலையணை உறை கருகருவென்று இருந்தது. அவள் அதன் எதிரே உட்கார்ந்து முடிகளைக் கையால் கூட்டிக் கூட்டி உருண்டையாக்கிக்கொண்டிருந்தாள். அழுதது அன்று ஒரு நாள்தான். பிறகு வேலைக்கு வந்தபோது, "என் தொப்பிய யாரும் செக் பண்ண வேணாம்" என்று அவளே சொல்லிவிட்டாள். வாயெல்லாம் புண், நாக்கில் எது பட்டாலும் எரிச்சல், தண்ணீர் குடித்தாலும் வாந்தி. ஒரு ஷிஃப்ட் முழுக்க நிற்க முடியாததால் அவளை உட்கார்ந்து லேபிள் ஒட்டுகிற இடத்துக்கு மாற்றினார்கள். கம்பெனி அதை இரக்கத்தோடுதான் செய்தது. ஆனால் கண்ணெதிரே தன் லைனில் வேறொருத்தி லீடராக நடப்பதைப் பார்த்துக்கொண்டு லேபிள் ஒட்டுவது அவளுக்கு நோயைவிடப் பெரிய தண்டனையாக இருந்தது. உயிர் பிழைப்பது என்றால் அவளுக்கு அந்த லைனுக்குத் திரும்பிப் போவதுதான்.

இதற்கிடையில் லைன் பெண்கள் சும்மா இருப்பார்களா? பாதி தமிழ்நாடு அந்த லைனில் உட்கார்ந்திருந்தது. லீவுக்கு ஊருக்குப் போய் வந்த ஒவ்வொருத்தியும் ஒரு மருந்தோடு வந்தாள். தருமபுரிப் பெண் நித்திய கல்யாணிப் பூவைக் காய வைத்துக் கொண்டுவந்தாள். தென்காசிப் பெண் முள்ளுச்சீத்தா இலை, நாகூர்ப் பக்கத்துப் பெண் தர்காவில் ஓதிய தண்ணீர். ஒருத்தி கோதுமையைத் தொட்டியில் விதைத்துப் புல்லை நறுக்கிச் சாறு எடுக்கச் சொன்னாள். அக்கா யார் மனதையும் நோகடிக்காமல் வாங்கி வைத்துக்கொண்டாள், எதையும் தொடவில்லை. "இத்தினியையும் ஒன்னா குடிச்சா எது வேல செய்துன்னு தெரியாதே" என்றாள். கடைசியில் வீட்டுக்காரரின் சொந்தத்தில் யாரோ சொல்லி, வாலாஜாபாத் தாண்டி ஒரு கிராமத்தில் இருந்த நாட்டு வைத்தியரிடம் போனார்கள். சும்மா துணைக்கென்று நானும் போனேன்.

அந்த வைத்தியரை வில்லனாக்கி எழுத எனக்கு ரொம்ப ஆசை. அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. வயதானவர், சட்டை போடாமல் ஒரு பழைய மர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாடி பார்த்தார். தேனில் குழைத்துச் சாப்பிட ஒரு சூரணமும் காய்ச்சிக் குடிக்க ஒரு கஷாயப் பொடியும் கொடுத்தார். புளி, கத்தரிக்காய், கோழிக்கறி ஆகாது என்று பத்தியம் சொன்னார். கிளம்பும்போது, "ஆஸ்பத்திரி ஊசிய நிறுத்திடாத தாயி. அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது. இது ஒடம்புக்குத் தெம்பு" என்றார். அதை நான் என் காதால் கேட்டேன். ஆஸ்பத்திரியிலும் அடுத்த முறை போனபோது டாக்டர் அம்மா, "வேற ஏதாச்சும் மருந்து சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார். அக்கா இல்லை என்று தலையாட்டினாள். வெளியே வந்ததும் ஏன் என்று கேட்டேன். "சொன்னா கத்துவாங்கடி. அந்தம்மாவுக்கு இருக்குற வேலயில இது வேறயா" என்றாள். அங்கே காத்திருந்த பெண்களில் பாதிப் பேரின் பையில் இப்படி ஏதாவது ஒன்று இருந்தது. ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வார்கள், உள்ளே போனதும் இல்லை என்பார்கள்.

அடுத்த பரிசோதனையில் கட்டி நன்றாகச் சுருங்கியிருந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். வீட்டுக்காரர் ஸ்ரீபெரும்புதூர்க் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார். அக்கா மட்டும் யோசனையிலேயே இருந்தாள். "எதுனாலடி கரைஞ்சிது?" என்று கேட்டாள். ஊசியால்தான் என்று டாக்டர் அம்மா சொன்னதை நான் ஞாபகப்படுத்தினேன். "அவுங்களுக்குக் கஷாயம் தெரியாதில்ல" என்றாள். ஆமாம், தெரியாது. இவள்தான் சொல்லவில்லையே. கஷாயத்தால் கரைந்திருந்தால் அவளுக்கு எல்லாமே திரும்பக் கிடைக்கும். வாந்தி வேண்டாம், மார்பை எடுக்க வேண்டாம், லைனுக்குப் போய் நிற்கலாம். ஊசியால் கரைந்திருந்தால் எல்லாவற்றையும் கடைசி வரை பட்டுத் தீர்க்க வேண்டும். அந்தக் கேள்விக்கு விடை தெரிந்தே ஆக வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதில் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம் இல்லை.

அதற்குப் பிந்தைய மாதங்கள் எங்களுக்கு நல்ல மாதங்கள். வாய்ப்புண் ஆறியது. அக்கா தட்டில் சோறு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். முகத்தில் இருந்த கருமை வெளுத்தது. உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது என்று வீட்டுக்காரர் சொன்னார், நாங்களும் நம்பினோம். ஊசி நாளன்று அவர் வேனை வேலைக்கு எடுக்கும்முன் அவளைச் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறக்கிவிடுவார். அவள் ரயிலில் தனியாகப் போய்விட்டுச் சாயங்காலம் ஷேர் ஆட்டோவில் வந்துவிடுவாள். எத்தனை நாள் வண்டியை விட்டுவிட்டு அவர் கூடவே போக முடியும்? அவளும், "எனக்கென்ன, நல்லாத்தான கீறேன்" என்று அவரை அனுப்பிவிடுவாள். பிறகு தலையில் முடி முளைத்தது. முதலில் பூனை முடி, அப்புறம் கருப்பாக, முன்பு இல்லாத சுருட்டையோடு. ஒரு ஊசி நாளில் திரும்பி வந்தபோது இந்தக் கிளிப்பை வாங்கி வந்திருந்தாள். அந்த முடிக்குக் கிளிப் நிற்காது. வைத்தால் வழுக்கி விழும். விழுந்ததில்தான் அந்தப் பல் உடைந்தது. "இன்னும் ரெண்டு மாசம், அப்புறம் பாரு" என்றாள். ஊசி முடிந்துவிட்டது, கட்டி கரைந்துவிட்டதால் ஆபரேஷனும் வேண்டாம் என்று டாக்டர் அம்மா சொல்லிவிட்டதாக ஒரு நாள் வந்து சொன்னாள். லைனுக்குத் திரும்பிய அன்று நாங்கள் கேன்டீனில் கேசரி வாங்கிக் கொடுத்தோம். அவள் வரிசையாக ஒவ்வொருத்தி தொப்பியையும் சோதித்துவிட்டு, கடைசியில் தன் தொப்பியைக் கழற்றி, "என்னுதையும் பாரு, இப்ப எனக்கும் செக்கிங் கீது" என்று தலையைக் குனிந்தாள்.

முதுகு வலி என்று அவள் சொன்னபோது நின்று வேலை செய்கிற எல்லோருக்கும் வருகிற வலி என்றுதான் நினைத்தோம். பிறகு இருமல் வந்தது, நிற்கவில்லை. வீட்டுக்காரர் வற்புறுத்தி, என்னையும் கூட அனுப்பி, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். டாக்டர் அம்மா ஃபைலைப் பிரித்தார். முன்னும் பின்னும் புரட்டினார். "இவ்வளவு நாள் எங்கம்மா போயிருந்தீங்க?" என்று கேட்டார். வேறு யாருடைய ஃபைலோ என்று நான் நினைத்தேன். அக்கா தலையில் இருந்த துப்பட்டாவை எடுத்துவிட்டு, "முடி வந்துடுச்சு டாக்டர்" என்றாள். அவள் குரலில் அவ்வளவு நம்பிக்கை. டாக்டர் அம்மா கோபப்படவில்லை. ஃபைலை மூடி வைத்தார். "ஊசிய நிறுத்தினா முடி வரத்தான் செய்யும்மா. ஊசிதான முடியக் கொட்ட வச்சுது" என்றார்.

அக்காவுக்கு இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. கோளாறு எங்கே என்று தெரிந்த கணத்தில் லைனில் அவள் முகம் எப்படி ஆகுமோ அப்படியே ஆனது. படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். நோய் எலும்புக்கும் நுரையீரலுக்கும் போய்விட்டது என்றார்கள். திரும்பும்போது சிங்கப்பெருமாள் கோவில் பிளாட்பாரத்தில் இறங்கியதும் ஒரு சிமென்ட் பெஞ்சைக் காட்டி, "இங்கதான்டி உக்காந்துகினு இருப்பேன்" என்றாள். ஊசி நாட்களில் அவர் வேன் திரும்பியதும் அவள் ரயில் ஏறாமல் அந்தப் பெஞ்சில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்திருக்கிறாள். ஃப்ளாஸ்க்கில் கொண்டுவந்த கஷாயத்தைக் குடித்திருக்கிறாள். வாசலில் இருந்த கடையில் கிளிப் வாங்கியிருக்கிறாள். அண்ணனிடமாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "ட்ரையல் ஓடும்போது யார்னா லைன்ல சொல்லுவாங்களா? சொல்லியிருந்தா நீங்கல்லாம் மொகத்த வேற மாதிரி வச்சிகினு இருந்திருப்பீங்க. எனக்கு நல்லாகுதா இல்லியான்னு எனக்கே தெரிஞ்சிருக்காது" என்றாள். அப்புறம், "ஒன்னத்தான் நிறுத்துனேன்னு நெனச்சிகினு இருந்தேன். வாந்தி போச்சு, புண்ணு போச்சு, முடி வந்துச்சு. கஷாயம் கேக்குதுன்னு நெனச்சேன். ஊசி இல்லாததுனால வந்த நல்லதுடி அதெல்லாம். தப்பாப் படிச்சிட்டேன்" என்றாள். நாங்கள் ஷேர் ஆட்டோ நிற்கிற இடத்துக்குப் போகவே வெகுநேரம் ஆயிற்று. அவளால் படியேற முடியவில்லை.

எனக்குக் கோபம் வந்தது, இப்போதும் வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. வைத்தியர் ஊசியை நிறுத்தாதே என்றார். டாக்டர் கேட்க வேண்டியதைக் கேட்டார். வீட்டுக்காரர் ஸ்டேஷன் வரை கொண்டுபோய் விட்டார். கம்பெனி சொல்லிக் கொடுத்த பாடத்தில் எழுத்துப் பிசகு கிடையாது. சாவு வீட்டில் திட்டுவதற்கு ஒரு ஆள் இருந்தால் துக்கம் பாதி இறங்கும், எங்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை. முட்டாள்தனத்தால் செத்தாள் என்று கம்பெனியில் ஒரு சூப்பர்வைசர் சொன்னார். அவரிடம் சண்டைக்குப் போனேன். முட்டாள்தனம் இல்லை அது. மந்திரத்தை நம்பியோ சாமியாரை நம்பியோ அவள் மருந்தை விடவில்லை. கற்றுக்கொண்டதை, கற்றுக்கொடுத்தபடியே செய்தாள். ஆனால் லைனில் நாங்கள் ட்ரையலுக்கு எடுக்கிற போர்டு வீணாய்ப் போனால் சிவப்புப் பெட்டியில் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்போம். அந்த ஒரு வித்தியாசத்தை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவளும் யோசிக்கவில்லை.

இனி அவள் உடம்பு பெரிய ஊசிகளைத் தாங்காது என்று மாத்திரை கொடுத்தார்கள். இந்த மாத்திரையில் முடி கொட்டாது என்று டாக்டர் அம்மா ஆறுதலாகத்தான் சொன்னார். அக்காவுக்கு அது ஆறுதலாக இல்லை. முடி கொட்டினால்தான் மருந்து வேலை செய்கிறது என்று மனதுக்குள் பதிந்துபோயிற்று. கஷாயத்தையும் விடவில்லை, இரண்டையும் சேர்த்தே குடித்தாள். வேலைக்குப் போகும்முன் நான் எட்டிப் பார்த்தால், தலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, "தலகாணியப் பாருடி, எதுனா கீதா?" என்பாள். குனிந்து பார்ப்பேன். வெள்ளை உறை. அதில் ஒரு முடிகூட இருக்காது. "இல்லக்கா" என்பேன். தலையைச் சாய்த்துக்கொள்வாள். ஒரு நாள் பொறுக்க முடியாமல், இந்த மாத்திரைக்குக் கொட்டாது என்று டாக்டர் சொன்னாரே என்றேன். "தெரியும். நீ பாரு" என்றாள்.

மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டாள். லைன் பெண்கள் யூனிஃபார்மோடு வேனில் வந்து இறங்கினார்கள். கடைசியாகக் குளிப்பாட்டி உட்கார வைத்தபோது முடி கழுத்து வரை வளர்ந்து அடர்த்தியாகச் சுருண்டிருந்தது. தெருப் பெண்கள் அதை வாரி, இந்தக் கிளிப்பைப் போட்டு, பூ வைத்தார்கள். அன்றுதான் கிளிப் வழுக்காமல் நின்றது. "முடி எப்டி வந்துகீது பாரேன். நல்லாய்க்கினுதான இருந்தா" என்று ஒரு அம்மாள் மூக்கைச் சிந்தினாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. எடுத்துக்கொண்டு போகும்முன் கிளிப்பைக் கழற்றிவிட்டார்கள். அண்ணன் அதை வெகுநேரம் கையில் வைத்திருந்துவிட்டு என்னிடம் கொடுத்தார். "நீ வச்சுக்கம்மா, எனக்குப் பாக்க முடியாது" என்றார்.

இப்போது நான் வேறொரு கம்பெனியில் லீடர். ஷிஃப்ட் தொடங்கும்முன் பெண்களின் தொப்பிக்குள் விரலை விட்டு முடியை உள்ளே தள்ளுகிறேன். ஒன்றை மட்டும் மாற்று என்ற பாடத்தையும் புதுப் பெண்களுக்கு நான்தான் எடுக்கிறேன். அது நல்ல பாடம், போர்டுக்கு. மார்பில் கட்டி என்று யாராவது காதோடு வந்து சொன்னால், என்ன கஷாயம் வேண்டுமானாலும் குடி, ஆனால் ஊசியை விடாதே, குடிக்கிறதை டாக்டரிடம் மறைக்காதே என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிடுகிறேன். கிளிப் அலமாரியில் இருக்கிறது. காலையில் எழுந்து பாயைச் சுருட்டும்போது எனக்கும் எல்லோரையும் போலத் தலையணையில் நாலு முடி கிடக்கும். அதைத் தட்டிவிட இன்னும் கை வரவில்லை. "கீதுக்கா" என்று சொல்லவேண்டும்போல் இருக்கிறது.